பைனாகுலரும் ஹாம் செட்டும்: கோடியக்கரைக்குக் கிளம்பும் முன்

மார்கழிப் பனி, சேற்றுவெளியில் பூநாரைக் கூட்டம், தோளில் ஹாம் ரேடியோ செட். கேட்கவே ஆசையாக இருக்கிறதா? சூரியனின் 25-வது சுழற்சி 2024-இல் உச்சத்துக்கு வந்தது. உச்சம் தாண்டினாலும் ரேடியோவைக் குலைக்கும் சூரிய வெடிப்புகள் உடனே ஓயாது. பை கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. உரிம நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடலோரத்தில் ஆன்டெனாவைக் கண்டால் போலீஸ் விசாரிக்கும். கால்சைனை (அழைப்புக் குறியை) வாயால் சொன்னால் போதாது.
2. வனத்துறையிடம் முன்பே அனுமதி கேளுங்கள். கோடியக்கரை சரணாலயம், மறுத்தால் செட்டை வெளியில்தான் வைக்க வேண்டும்.
3. புவிகாந்தக் கலக்கத்தைக் காட்டும் கே.பி. எண்ணைப் பாருங்கள். 5-ஐத் தொட்டால் புவிகாந்தப் புயல். ரேடியோ சரியாகக் கேட்காது, அன்று பறவைகளே போதும்.
4. விடியலைப் பறவைகளுக்குக் கொடுங்கள். வெயில் ஏறிய பிறகுதான் 10 மீட்டர் பேண்ட் நன்றாகத் திறக்கும்.
5. ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கர் இரைந்தால் உள்ளான் கூட்டம் எழும்பிவிடும்.
6. பேட்டரியில் இயக்குங்கள். ஜெனரேட்டர் பறவைகளை விரட்டும், ரிசீவரிலும் இரைச்சலைக் கூட்டும்.
7. ஆன்டெனா கம்பியில் வண்ணத்துணி கட்டுங்கள். மெல்லிய கம்பி பறந்து வரும் பறவைக்குத் தெரியாது.
8. பறவையின் காலில் வளையம் கண்டால் எண், நிறத்தைக் குறித்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு (பி.என்.எச்.எஸ்.) எழுதுங்கள். கோடியக்கரையில் பல ஆண்டுகளாக வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்.

செய்யக்கூடாதவை

1. பைனாகுலரால் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போக ஒரு நொடி போதும். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டாலும் காப்பாற்றாது. சூரியப்புள்ளிகளை ஆய்வகப் படங்களில் பாருங்கள்.
2. உரிமம் இல்லாமல் பேசும் பொத்தானை (பி.டி.டி.) அழுத்தாதீர்கள். ஆன்லைனில் செட் கிடைக்கிறது என்பதால் அனுமதி கிடைத்துவிடாது.
3. பேண்ட் திடீரென்று அடங்கினால் செட்டைப் பிரிக்காதீர்கள். சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் வந்து ஷார்ட்வேவை அடைக்கும். காத்திருந்தால் தானே திறக்கும்.
4. மின்கம்பி அருகே ஆன்டெனா வீசாதீர்கள். பட்டால் உயிர் போகும்.
5. இடி கேட்டபின் ஆன்டெனா கம்பியைத் தொடாதீர்கள். டிசம்பரிலும் அங்கே மழை உண்டு.
6. பறவைக் குரலை மொபைலில் ஒலிக்க விடாதீர்கள். எதிரி வந்ததாக நினைத்து இரை தேடுவதை விட்டுவிடும்.
7. போட்டோவுக்காகப் பூநாரைகளை எழுப்பாதீர்கள். வீணாய்ப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றின் தெம்பு குறையும்.

உரிம நகலை இன்று ராத்திரியே பைனாகுலர் பைக்குள் வைத்துவிடுங்கள். விடிகாலை அவசரத்தில் மறந்துபோகும்.