பழுதினை இனங்காணல்: வீட்டு லினக்ஸ் கணினியும் வலையமைப்பும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – தரம் 10, 11

பணிசெயல் முறைமை, கணினி வலையமைப்பு ஆகிய இரு அலகுகளையும் மாணவர்கள் பெரும்பாலும் வரைவிலக்கணங்களாகவே மனனஞ் செய்கின்றனர். "ஐ.பி. முகவரி என்றால் என்ன?" எனக் கேட்டால் விடை சரியாக வரும். "கணினிக்கு ஐ.பி. முகவரி உண்டு, ரவுட்டருடன் தொடர்பும் உண்டு, ஆயினும் இணையத்தளம் திறக்கவில்லை, காரணம் யாது?" எனக் கேட்டால் பேனை நின்றுவிடும். இப்பாடம் அவ்வாறான வினாக்களுக்கானது.

உதாரணமாக, உபுண்டு நிறுவப்பட்ட வீட்டு மேசைக்கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் கருனியை லினஸ் தோவால்ட்ஸ் 1991இல் வெளியிட்டார் என்பதையும் அது திறந்த மூல மென்பொருள் என்பதையும் ஏற்கனவே கற்றுள்ளீர்கள். அதனைக் கொண்டு உருவாக்கப்பட்ட உபுண்டு 2004 ஒக்டோபரில் முதன்முதலாக வெளிவந்தது. பழுது தேடிப் பழகுவதற்கு லினக்ஸ் மிகவும் பொருத்தமானது. என்ன நேர்ந்தது என்பதை அது பெரும்பாலும் மறைக்காமல் ஒரு செய்தியாகக் கூறிவிடும். அச்செய்தியை வாசிக்காமல் மூடிவிடுவதே எம்மிடமுள்ள பழக்கம்.

கவனிக்க: இங்கு கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சுச் செய்தல் வேண்டும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறானவை.

முதலில் செய்யக்கூடாதது

கணினியில் சிறு கோளாறு ஏற்பட்டதும் "போமற் அடித்து விடுவோம்" என்று கூறுவோர் பலர். வன்தட்டினைப் போமற் செய்து பணிசெயல் முறைமையை மீள நிறுவினால் பழுது நீங்கக்கூடும். ஆனால் பாடசாலைமட்டக் கணிப்பீட்டிற்காக மாதக்கணக்கில் செய்த வேலையும் குடும்பப் புகைப்படங்களும் அதனோடு அழிந்துவிடும். லினக்ஸில் பயனரின் கோப்புகள் யாவும் ஹோம் என்னும் கோப்புறையினுள் இருக்கின்றன. கணினி தொடங்க மறுத்தாலும், உபுண்டு இடப்பட்ட பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, நிறுவாமல் பரீட்சித்துப் பார்க்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால், வன்தட்டிலுள்ள அக்கோப்புறையைத் திறந்து வேறொரு சாதனத்திற்குப் பிரதி செய்துகொள்ளலாம். வன்தட்டே பழுதடைந்திருந்தால் அல்லது மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இது இலகுவன்று. ஏனைய சந்தர்ப்பங்களில் முதலில் கோப்புகளைக் காப்பாற்றுக. பின்னரே பழுதைத் தேடுக.

மென்பொருட் பழுதுகள்

ஆவணத்தைச் சேமிக்க முடியவில்லை; அல்லது கடவுச்சொல்லைச் சரியாக வழங்கியும் உட்புகு திரைக்கே மீண்டும் மீண்டும் திரும்புகிறது. கடவுச்சொல் மறந்துவிட்டதோ என எண்ணத் தோன்றும். இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் வன்தட்டு நிரம்பியிருத்தலாகும். உட்புகும்போது சில தற்காலிகக் கோப்புகள் எழுதப்பட வேண்டும்; இடமில்லாவிடின் அது நடைபெறாது. கொன்ரோல், ஓல்ட், எப்3 ஆகிய சாவிகளை ஒருங்கே அழுத்தினால் எழுத்து மட்டும் கொண்ட திரை கிடைக்கும். அங்கு உட்புகுந்து, டி, எப் என்னும் இரண்டே எழுத்துகளைக் கொண்ட கட்டளையை வழங்கினால், ஒவ்வொரு பிரிவிடலும் எத்தனை சதவீதம் நிரம்பியுள்ளது எனத் தெரியும். 100% எனக் கண்டால் குப்பைத்தொட்டியிலும் பதிவிறக்கக் கோப்புறையிலும் உள்ள தேவையற்ற கோப்புகளை நீக்குக.

எமது நாட்டிற்கு நன்கு பழக்கமான இன்னொரு பழுது உண்டு. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தமை நினைவிருக்கும். மென்பொருள் இற்றைப்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின் தடைப்பட்டால், பொதிகள் பாதி நிறுவப்பட்ட நிலையில் நின்றுவிடும். அதன்பின் எந்த மென்பொருளையும் நிறுவ முடியாது. நிறுவல் இடையில் தடைப்பட்டது என்ற செய்தி முனையத்தில் தோன்றும். அதே வரியில், அடுத்து வழங்க வேண்டிய கட்டளையும் தரப்பட்டிருக்கும். அதனை அவ்வாறே தட்டச்சுச் செய்தால் போதுமானது. செய்தியை வாசிக்க வேண்டும் என்று கூறியது இதற்காகவே.

செயலி ஒன்று அசையாது நின்றுவிட்டால் உடனே மின்னை நிறுத்த வேண்டியதில்லை. டொப் என்னும் கட்டளை, இயங்கும் செயன்முறைகளையும் அவை எடுக்கும் நினைவகத்தையும் காட்டும். குறித்த செயன்முறையின் எண்ணைக் கில் என்னும் கட்டளையுடன் வழங்கினால் அது மட்டும் நிறுத்தப்படும். "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தி பழுதன்று. சாதாரண பயனர் முறைமைக் கோப்புகளை மாற்றாதவாறு பணிசெயல் முறைமை காக்கின்றது என்பதே அதன் பொருள்.

வலையமைப்புப் பழுதுகள்

இணையம் வேலை செய்யவில்லை என்னும் முறைப்பாட்டில் குறைந்தது ஐந்து வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கலாம். அவற்றை அண்மையிலிருந்து தூரத்துக்கு ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

எந்தக் கட்டளையும் வழங்குமுன், அதே ரவுட்டருடன் இணைந்த திறன்பேசியில் இணையம் கிடைக்கிறதா எனப் பாருங்கள். திறன்பேசியின் சொந்த மொபைல் தரவை நிறுத்திவிட்டுப் பார்த்தல் வேண்டும். இல்லாவிடின் இச்சோதனை பயனற்றது. அதிலும் கிடைக்கவில்லையெனில் கணினியைத் தொட வேண்டியதில்லை. பழுது பெரும்பாலும் ரவுட்டரிலோ, அதற்கு அப்பால் சேவை வழங்குநரிடமோ உள்ளது. அல்லது அம்மாதத் தரவு முடிந்திருக்கும். திறன்பேசியில் கிடைத்தால் பழுது கணினியின் பக்கம்.

வடமெனில் அதனைச் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா எனப் பார்க்க. எரியாவிடின் அது பௌதிகப் பழுது. அடுத்து, ஐபி ஏ என்னும் கட்டளையால் கணினியின் முகவரியைக் காண்க. 127.0.0.1 எப்போதும் இருக்கும். அது கணினி தன்னைத்தானே அழைக்கும் முகவரி, வலையமைப்புக்குச் சான்றாகாது. வீட்டு வலையமைப்பில் பொதுவாக 192.168 எனத் தொடங்கும் முகவரியொன்று இருத்தல் வேண்டும். அதனை ரவுட்டரிலுள்ள டி.எச்.சி.பி. சேவை தானாக வழங்குகின்றது. அவ்வாறு கிடைக்காதபோது விண்டோஸ் கணினியில் 169.254 எனத் தொடங்கும் முகவரி தோன்றும். லினக்ஸில் பெரும்பாலும் அவ்விடம் வெறுமையாக இருக்கும்.

முகவரி இருந்தால் பிங் கட்டளையை மூன்று தடவை பயன்படுத்துக. முதலில் நுழைவாயிலாகிய ரவுட்டரின் முகவரிக்கு, பல வீடுகளில் அது 192.168.1.1 ஆகும். அடுத்து இணையத்திலுள்ள முகவரியொன்றிற்கு. கூகிளின் ஆள்களப் பெயர்ச் சேவையகமான 8.8.8.8 நினைவிற்கொள்ள இலகுவானது. இறுதியாக ஓர் இணையத்தளத்தின் பெயருக்கு. விண்டோஸில் பிங் நான்கு பொதிகளுடன் நின்றுவிடும். லினக்ஸில் நீங்கள் கொன்ரோல், சி சாவிகளை அழுத்தும்வரை தொடரும், அதுவும் பழுதன்று.

எச்சோதனையில் பதில் நிற்கிறதோ அவ்விடத்திலேயே பழுதைத் தேட வேண்டும். ரவுட்டர் பதிலளித்து 8.8.8.8 பதிலளிக்காவிடின், ரவுட்டருக்கு அப்பால் தொடர்பில்லை. 8.8.8.8 பதிலளித்தும் பெயருக்குப் பதிலில்லையெனில், பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் ஆள்களப் பெயர் முறைமை செயற்படவில்லை. (சில சேவையகங்கள் பிங்கிற்குப் பதிலளிக்காதவாறு அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரேயொரு இணையத்தளத்தை மட்டும் சோதித்து முடிவு செய்ய வேண்டாம்.)

பிழைச் செய்திகளும் இதனையே கூறுகின்றன. "வலையமைப்பை அடைய முடியாது" எனின் கணினிக்கு வெளியே செல்ல வழியே தெரியவில்லை; முகவரியோ நுழைவாயிலோ இல்லை. "சேருமிடத்தை அடைய முடியாது" எனத் தன் சொந்த முகவரியிலிருந்தே பதில் வந்தால், வழி தெரிந்தும் அம்முகவரிக்குரிய சாதனம் வலையமைப்பில் பதிலளிக்கவில்லை. "பெயரைத் தீர்ப்பதில் தற்காலிகத் தோல்வி" என்பது ஆள்களப் பெயர்ச் சேவையகத்திடமிருந்து விடை வரவில்லை என்பதாகும். "பெயர் அறியப்படவில்லை" எனின் பெரும்பாலும் பெயரை எழுத்துப்பிழையுடன் தட்டச்சுச் செய்திருப்பீர்கள்.

வலையமைப்புப் பழுது போலத் தோன்றும் வேறொன்றும் உண்டு. மூன்று சோதனைகளும் வெற்றி. ஆனால் இணைய மேலோடி "இணைப்புப் பாதுகாப்பற்றது" என்கிறது. கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் செயலிழந்தால், மின்னை நிறுத்தும்போது திகதி பல வருடங்கள் பின்செல்லும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களுக்குச் செல்லுபடியாகும் காலம் உண்டு. அக்காலத்துக்கு வெளியேயான திகதியில் மேலோடி அவற்றை ஏற்காது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பிசகுவதையும் காணலாம். லினக்ஸ் வன்பொருட் கடிகாரத்தில் சர்வதேச நியம நேரத்தை எழுத, விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமென வாசிப்பதே காரணம்.

கம்பியில்லா இணைப்புச் சாதனத்தைக் கணினி இனங்காணாவிடின் அதற்குரிய சாதனச் செலுத்தி இல்லாதிருக்கலாம். செலுத்தியைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்திற்குச் செலுத்தி வேண்டும்! அன்ட்ரொயிட் திறன்பேசியை யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால், லினக்ஸ் பொதுவாக அதனை வடவழி வலையமைப்பாக உடனே ஏற்கும்.

மாதிரி வினா

மாணவி ஒருத்தியின் வீட்டில் லினக்ஸ் மேசைக்கணினியொன்றும் இரு திறன்பேசிகளும் ஒரே ரவுட்டருடன் இணைக்கப்பட்டுள்ளன. மேசைக்கணினியில் மாத்திரம் இணையத்தளங்கள் திறக்கவில்லை. அதில் 192.168.1.1, 8.8.8.8 ஆகியவற்றுக்கான பிங் வெற்றியளிக்கிறது. தளத்தின் பெயருக்கான பிங் தோல்வியடைகிறது.

(i) பழுது சேவை வழங்குநரிடம் இல்லை என்பதற்கு இரு சான்றுகள் தருக.
(ii) பழுது யாது? அதனை நீக்கும் வழியொன்று தருக.
(iii) இக்கணினிக்கு 192.168.2.15 என்ற முகவரியும் 255.255.255.0 என்ற உபவலை மறைமுகமும் கையால் இடப்பட்டிருந்தால், முதலாவது பிங் சோதனையின் பெறுபேறு யாது? விளக்குக.

விடை

(i) திறன்பேசிகளில் இணையம் கிடைக்கிறது, 8.8.8.8 கணினிக்குப் பதிலளிக்கிறது.
(ii) கணினியின் ஆள்களப் பெயர்ச் சேவையக அமைப்புத் தவறானது. வலையமைப்பு அமைப்புகளில் அதனைத் தானியங்கு நிலைக்கு மாற்றுதல், அல்லது 8.8.8.8 என வழங்குதல். ("இணையம் இல்லை" என மட்டும் எழுதுதல் பழுதைக் குறிப்பிட்டதாகாது.)
(iii) தோல்வியடையும். இம்மறைமுகத்தின்படி முதல் மூன்று எண்களும் வலையமைப்பைக் குறிக்கின்றன. கணினி 192.168.2 வலையமைப்பிலும் ரவுட்டர் 192.168.1 வலையமைப்பிலும் இருப்பதால், கணினி ரவுட்டரைத் தன் வலையமைப்பைச் சேர்ந்ததாகக் கருதாது. பழைய ரவுட்டருக்காக இட்ட முகவரியை, புதிய ரவுட்டர் வாங்கியபின் மாற்றாதுவிடும் வீடுகளில் இந்நிலை ஏற்படும்.