பிளஸ் ஒன் கணக்கு வகுப்புக்குள் நுழையும் முன்



பத்தாம் வகுப்பில் கணக்கில் 91 எடுத்தவன் நான். பிளஸ் ஒன்னில் முதல் திங்கள்கிழமை டெஸ்ட்டில் 20-க்கு 6. பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் "சார் இன்னும் தரலம்மா" என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் கழித்து அம்மா சட்டையை ஊற வைக்கும்போது அது கையில் கிடைத்தது. மீதியை நான் எழுத வேண்டாம். எங்கள் கணக்கு சாரின் வகுப்பு விதிகளைப் பற்றி எழுதும்படி இந்த மாதச் சுவர் இதழுக்கு என்னைக் கேட்டார்கள். நன்றாகப் படிக்கிற வேறு ஆள் இருக்க, அந்த விதிகளில் அதிகம் மாட்டிக்கொண்டவன் என்று என்னைத்தான் பிடித்தார்கள்.

முதலில் புத்தகத்தைப் பார்த்துவிடுவோம். 2018-19-ல் வந்த பாடநூல், இரண்டு தொகுதி, 12 பாடம். கணங்கள், சார்புகள் என்று தொடங்கி, அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், சேர்ப்பியல், ஈருறுப்புத் தேற்றம், பகுமுறை வடிவியல் வரை முதல் தொகுதி. இரண்டாவதில் அணிகள், வெக்டர், அப்புறம் எல்லைகள், வகையிடல், தொகையிடல், கடைசியில் நிகழ்தகவு. ஒன்பதாவது பாடமாக எல்லைகள் வருகிறதே, அங்கேதான் நுண்கணிதத்தின் வாசல். அதற்கு முன்னால் இருக்கிற பாடங்களில் கை பழகாதவன் அந்த வாசலில் தட்டித் தடுமாறுவான். பிளஸ் டூ புத்தகத்தில் ஒரு பெரிய பகுதி, அந்த வாசலுக்கு உள்ளே இருக்கிற வீடு.

சார் முதல் நாள் பாடம் நடத்தவில்லை. போர்டில் ஒரு கணக்கு எழுதினார். எக்ஸ்² = 5 எக்ஸ். "தீர்வு என்ன?" நான்தான் முந்திக்கொண்டு எழுந்தேன். "இரண்டு பக்கமும் ஒரு எக்ஸை அடிச்சிட்டா எக்ஸ் = 5 சார்." வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். சார் ஒன்றும் சொல்லாமல் எக்ஸ் இருந்த இடத்தில் பூஜ்யத்தைப் போட்டார். 0 = 0. "இதுவும் சரியாத்தானே இருக்கு? இந்த விடை எங்கடா போச்சு? நீ அடிச்சப்போ அதையும் சேர்த்து அடிச்சிட்டே."

அன்று வந்தது முதல் விதி. எதையாவது அடித்துச் சுருக்கினால், பக்கத்தில் "இது பூஜ்யம் இல்லை, ஏனென்றால்..." என்று காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் அந்த ஸ்டெப்புக்கு மார்க் கிடையாது. எங்களுக்கு இது அநியாயமாகப் பட்டது. ஒரு கோடு போட்டு அடிப்பதற்குக்கூட விளக்கம் எழுதணுமா என்று நானே பின் பெஞ்சில் முணுமுணுத்தேன். காரணம் எழுதாமல் போனதால்தான் அந்த 6 மார்க்கும் வந்தது.

இந்த விதி எதற்கு என்று ஆறு மாதம் கழித்து எல்லைகள் பாடத்தில்தான் புரிந்தது. (எக்ஸ்² – 4) ÷ (எக்ஸ் – 2) என்று ஒரு சார்பு. எக்ஸுக்கு 2 போட்டால் மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் 1.9 போட்டுப் பாருங்கள், 3.9 வரும். 2.1 போட்டால் 4.1. 2.01 போட்டால் 4.01. இரண்டு பக்கமிருந்தும் 4-ஐ நோக்கி வருகிறது. மேலே இருப்பதைக் காரணிப்படுத்தினால் (எக்ஸ் – 2)(எக்ஸ் + 2). இப்போது (எக்ஸ் – 2)-ஐ அடிக்கலாமா? அடிக்கலாம்! எக்ஸ் 2-க்குப் பக்கத்தில் வருகிறதே தவிர 2 ஆவதில்லை, அதனால் (எக்ஸ் – 2) பூஜ்யம் இல்லை. மிச்சம் எக்ஸ் + 2, எல்லை 4. ஜூன் மாதத்தில் நான் திட்டிக்கொண்டே எழுதிய அதே காரண வரிதான் இங்கே கணக்கின் உயிர். வகுப்பில் அன்றைக்கு யாரும் அந்த வரியை விடவில்லை.

இதைவிட மோசமான ஒரு தப்பு இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து நம்மோடு வருவது. கூட்டலை உடைத்து உள்ளே அனுப்பிவிடுவது. 9 + 16-க்கு வர்க்கமூலம் கேட்டால் 3 + 4 = 7 என்பான் ஒருவன். 25-க்கு வர்க்கமூலம் 5 அல்லவா? முக்கோணவியலில் இதே ஆசாமி சைன் 30 + சைன் 60 தான் சைன் 90 என்று எழுதுவான். 0.5-ம் 0.866-ம் கூட்டினால் 1.366. சைன் மதிப்பு 1-ஐத் தாண்டவே தாண்டாது. விடையை ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். வகையிடலில் இந்தத் தப்பு ஆளையே கவிழ்த்துவிடும். எக்ஸ்²-ஐ 3 என்ற இடத்தில் வகையிட, (3 + எச்)²-லிருந்து 9-ஐக் கழித்து எச்-ஆல் வகுக்க வேண்டும். சரியாக விரித்தால் 9 + 6 எச் + எச்². வகுத்தபின் 6 + எச், எல்லை 6. நம்ம ஆசாமி (3 + எச்)² என்பதை 9 + எச்² என்று எழுதுகிறான். வகுத்தால் எச், எல்லை பூஜ்யம்! நுண்கணிதம் புரியவில்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அவனுக்குப் புரியாமல் போனது எட்டாம் வகுப்புக் கணக்கு.

அதற்காகத்தான் திருத்த நோட்டு. இது இரண்டாவது விதி. 80 பக்க நோட்டு போதும். டெஸ்ட்டிலோ ஹோம்வொர்க்கிலோ வந்த ஒவ்வொரு தப்பையும் அதில் அப்படியே எழுதி, கீழே "ஏன் தப்பு" என்று நம் சொந்த வார்த்தையில் ஒரு வரி. சரியான விடையைப் பத்து தடவை இம்போசிஷன் எழுதுவதெல்லாம் எங்கள் சாரிடம் கிடையாது. "கவனக்குறைவு" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "அது காரணம் இல்லப்பா, சாக்கு. எந்த இடத்துல மனசு என்ன நினைச்சுது, அதை எழுது." என் நோட்டில் கூட்டலை உடைத்த தப்பு மட்டும் 14 தடவை இருக்கிறது. எண்ணிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கே வெட்கமாக இருந்தது. திருத்த நோட்டு முடித்துக் காட்டினால் திங்கள் டெஸ்ட்டைத் திரும்ப எழுதலாம். காட்டாதவனுக்கு இரண்டாவது டெஸ்ட் இல்லை.

ஹோம்வொர்க் தினம் ஐந்து கணக்கு. காலையில் பிரேயருக்கு முன் மேசையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமாக வைத்தாலும் வாங்கித் திருத்தித் தருவார், மார்க் மட்டும் இல்லை. காப்பி அடித்தால்? திட்ட மாட்டார். அதில் ஒரு கணக்கைக் காட்டி போர்டுக்குக் கூப்பிடுவார். அவ்வளவுதான்.

ஹோம்வொர்க்கில் இன்னொன்று உண்டு. தெரியாத கணக்கை வெறும் பக்கமாக விடக்கூடாது. தெரிந்தவரை போட்டு, எங்கே நின்றதோ அங்கே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு போட்ட கணக்குக்கு முழு ஹோம்வொர்க் மார்க்கும் உண்டு! ஒரு வரி எழுதிக் கோடு போட்டாலும் உண்டு. சார் அடுத்த நாள் அந்தக் கோட்டிலிருந்துதான் பாடத்தை ஆரம்பிப்பார். "30 பேர்ல 18 பேர் இந்த ஸ்டெப்புல கோடு போட்டிருக்கீங்க. அப்போ தப்பு உங்களுது இல்ல, நான் நடத்துனது பத்தல." ஒரு வாத்தியார் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கோடே போட மாட்டான். நோட்டில் ஐந்து கணக்கும் முடிந்திருக்கும், எல்லாம் சரியாக இருக்கும். கையெழுத்து அவனுடையது, கணக்கு மட்டும் இன்னொருவனுடையது. "கோடு போட்டா எனக்குத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ல" என்பான். முக்கோணவியல் வந்ததும் வகுப்பில் பேசுவதைக் குறைத்தான். அப்புறம் அவங்க அப்பா வந்து காமர்ஸ் குரூப்புக்கு மாற்றிவிட்டார். காமர்ஸ் நல்ல குரூப்தான், அவன் இப்போது அங்கே நன்றாகவே படிக்கிறான். ஆனால் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த அண்ணனைப் பார்த்து இன்ஜினியர் ஆகணும் என்று சேர்ந்தவன். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு வட்ட நாண் தேற்றம் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அவன் காப்பி அடித்ததில் பாதி என் நோட்டிலிருந்து. நான் கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது.

கால்குலேட்டர், செல்போன் வகுப்பில் கூடாது. கணக்குப் பொதுத் தேர்விலும் கால்குலேட்டர் கிடையாது, அதனால் இதில் வாதம் செய்யப் பயனில்லை. கோணத்தைப் பாகையிலேயே வைத்துக்கொண்டால் என்ன, எதற்கு ரேடியன் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது சைன் எக்ஸ் ÷ எக்ஸ் என்பது 1-ஐ நெருங்கும், ஆனால் ரேடியனில் மட்டும். பாகையில் போட்டால் 0.01745 என்று ஒரு எண் வந்து ஒவ்வொரு சூத்திரத்திலும் ஒட்டிக்கொள்ளும். (அது 180-ல் ஒரு பங்கு பை.) அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் ரேடியன்.

எனக்கு ஒத்துக்கொள்ள முடியாத விதியும் ஒன்று இருந்தது. திங்கள் டெஸ்ட் முதல் பீரியடில், 20 நிமிடம், தாமதமாக வந்தால் மிச்ச நேரம்தான். டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? திங்கள்கிழமை பஸ்ஸில் படியில் நிற்கக்கூட இடம் இருக்காது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் மூன்று வாரம் தொடர்ந்து 10 நிமிடம் மட்டும் எழுதினாள். நாங்கள் ஏழு பேர் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ச் சொன்னோம். சார் முதலில் "முந்தின பஸ்ல வாங்க" என்றார். முந்தின பஸ் ஆறே முக்காலுக்கு என்று சொன்னதும் பேனாவை மூடிக் கீழே வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து டெஸ்ட் கடைசி பீரியடுக்குப் போனது. அதனால் தைரியமாகக் கேளுங்கள், காரணத்தோடு கேளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு 2018 மார்ச்சில் தொடங்கியது. சில இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் நடத்துகிறார்கள் என்பதுதான் அப்போது சொன்ன முக்கியக் காரணம். 2025 ஆகஸ்டில் அந்தத் தேர்வு 2025-26-லிருந்து இல்லை என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் அப்போது பிளஸ் ஒன். மேசையைத் தட்டிய தட்டில் பக்கத்து வகுப்பு மிஸ் ஓடி வந்துவிட்டார். சார் சத்தம் அடங்கும்வரை நின்றிருந்தார். அப்புறம், "இனிமே நீங்க படிக்கலைன்னா எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது" என்றார். பொறியியல் கட்-ஆஃபில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, எல்லாம் பிளஸ் டூ மார்க்தான். பிளஸ் ஒன் மார்க் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வில் இரண்டு வருஷப் பாடமும் வரும். பிளஸ் டூ கணக்கு வினாத்தாள் 90 மார்க். அதில் 20 ஒரு மார்க், 2 மார்க்கிலும் 3 மார்க்கிலும் பத்துக்கு ஏழு (ஒன்று கட்டாயம்), 5 மார்க் ஏழு, "அல்லது" போட்டு. மிச்சம் 10 அகமதிப்பீடு. தொகையிடலில் ஒரு 5 மார்க் கணக்கை இப்போது போடும்போது எண்ணிப் பார்த்தேன். 11 வரியில் பிளஸ் டூவில் புதிதாகப் படித்தது 2 வரிதான். மற்ற 9 வரியும் முக்கோணவியலும் இயற்கணிதமும்.

சந்தேகம் கேட்க மதியச் சாப்பாட்டு மணி அடித்த பத்து நிமிடத்துக்குப் பிறகு ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கலாம். நோட்டில் கோடு இருந்தால்தான் சார் பேசுவார். சும்மா "புரியல சார்" என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

கடைசியாக ஒரு கணக்கு. எக்ஸ் + 2-ன் வர்க்கமூலம் = எக்ஸ். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினால் எக்ஸ் + 2 = எக்ஸ்². அதாவது (எக்ஸ் – 2)(எக்ஸ் + 1) = 0. எக்ஸ் = 2 அல்லது –1. முதல் நாள் கணக்கில் ஒரு விடை காணாமல் போனது. இதில் ஒரு விடை அழையாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. எது அது, எந்த ஸ்டெப்பில் உள்ளே வந்தது என்று கண்டுபிடித்து, அங்கே கோடு போட்டு, துண்டுச் சீட்டில் எழுதி இந்த இதழுக்குக் கீழே இருக்கும் அட்டைப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள். பாதி வரை வந்து நின்றிருந்தாலும் போடலாம்.