பெயருண்டு

வானகரம்

அன்புள்ள பேத்திக்கு ஆசிகள்.

துருக்கி தேசத்து ஸ்திரீகளின் நிலையையும் அவர்கள் படைத்த இலக்கியத்தையும் குறித்துக் கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்றும், சுல்தான்களின் அந்தப்புரத்தைத் தவிர அந்நாட்டைப் பற்றி வேறொன்றும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு கேட்டாயே, அது எனக்குப் பெரிய சந்தோஷம். தூரதேசத்துப் பெண்களைப் புரிந்துகொள்ள நம் வீட்டு வாசலிலிருந்தே புறப்படலாம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஒரு வழியும் சொல்கிறேன்: அவர்கள் தங்கள் பெயரை எப்படி எழுதினார்கள் என்று பார்.

1901-ல் பிறந்து, ஐந்து வயது கடந்ததுமே விவாகமாகித் திருவல்லிக்கேணிக்கு வாழ்க்கைப்பட்ட கோதைநாயகி அம்மாளுக்குக் கதை சொல்லத் தெரியும், பாடத் தெரியும், ஆனால் எழுதத் தெரியாது. ஆகவே தம் முதல் படைப்பாகிய ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்லிக்கொண்டே போக, பட்டம்மாள் என்ற தோழி பக்கத்திலிருந்து எழுதிக்கொடுத்தார். 1925-ல் ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையை ஏற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைப் பிரசுரித்து, தேசிய இயக்கத்தில் சிறைக்கும் சென்று வந்த அந்த அம்மையாரைத் தமிழுலகம் ‘வை.மு.கோ.’ என்றே அழைத்தது. அந்த ‘வை.மு.’ என்பது வைத்தமாநிதி முடும்பை, அதாவது புகுந்த வீட்டின் குடும்பப் பெயர். மூன்றெழுத்தில் அவருக்கென்றே உரியது கடைசி எழுத்து ஒன்றுதான்.

இனி இஸ்தான்புல்லுக்கு வா. 1862-ல் அங்கே பிறந்த பாத்திமா அலியே, பெரிய சரித்திராசிரியர் ஒருவரின் மகளாயிருந்தும், முதன்முதலில் ஒரு பிரெஞ்சு நாவலைத் துருக்கி மொழியில் பெயர்த்து வெளியிட்டபோது ‘ஒரு பெண்மணி’ என்று மட்டுமே ஒப்பமிட்டார். பெண்ணால் இப்படி எழுத முடியுமா, வீட்டு ஆண்களில் யாரோ எழுதிக்கொடுத்திருக்க வேண்டும் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. 1892-ல் முதல் நாவலைத் தம் பெயரிலேயே அவர் வெளியிட்டார். இன்று அவருடைய முகம் துருக்கியின் 50 லீரா நோட்டில் அச்சாகியிருக்கிறது.

நீ ஆழ்ந்து படிக்க வேண்டியவர் எழுத்தாளர் ஹாலிதே எதீப். ‘எதீப்’ என்பது அவருடைய தகப்பனாரின் பெயர். முதற்கணவராகிய கணித மேதை இன்னொரு பெண்ணை மணந்தபோது, பலதார மணம் சட்டத்துக்கும் சமயத்துக்கும் உட்பட்டிருந்த அக்காலத்திலேயே, 1910-ல், விலகி வந்தார். 1919-ல் ஸ்மிர்னா நகரைக் கிரேக்கப் படை பிடித்ததும், அப்போதைய தலைநகர் இஸ்தான்புல்லின் சுல்தானகமது சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் நின்று பேசினார். பின்னர் தலைநகரிலிருந்து தப்பி அனத்தோலியா சென்று, விடுதலைப் போரில் ராணுவப் பதவியும் வகித்து, அந்த அனுபவத்தையே நாவலாகவும் எழுதினார். ஆயினும் குடியரசு பிறந்த சில ஆண்டுகளிலேயே குடியரசுத் தலைவர் முஸ்தபா கமாலோடு கருத்து வேற்றுமை கொண்டு, இரண்டாம் கணவர் அத்னானுடன் தாய்நாட்டை விட்டு வெளியேறி 1939 வரை அந்நிய தேசங்களில் வாழ நேர்ந்தது.

1934-ல் துருக்கியில் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது இத்தம்பதியர் ஏற்ற பெயர் ‘அதிவார்’. துருக்கி மொழியில் அதற்குப் ‘பெயருண்டு’ என்று பொருள். இதைப் படித்த நாள் முதல் எனக்கு அந்த அம்மையார் மேல் தனியொரு வாஞ்சை.

அதே 1934 டிசம்பரில்தான் துருக்கிப் பெண்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கவும் நிற்கவும் உரிமை பெற்றார்கள். அப்போது ஹாலிதே தாய்நாட்டில் இல்லை. 1935-ல் நம் தேசத்துக்கு வந்து தில்லி ஜாமியா மில்லியாவில் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1937-ல் வெளிவந்தது. இன்னொருவரையும் மறக்காதே. நெசிஹே முஹித்தீன் என்பவர் 1923-லேயே பெண்களுக்கென்று ஒரு கட்சி தொடங்க அனுமதி கேட்டார்; கிடைக்கவில்லை. மறு ஆண்டில் அமைத்த பெண்கள் சங்கமும், உரிமை வந்துவிட்டது, இனிச் சங்கம் எதற்கு என்ற நியாயத்தில், 1935-ல் கலைக்கப்பட்டது. உரிமையைக் கொடுத்தவரின் பெயர் பாடப்புத்தகத்தில் நிலைத்தது. கேட்டவளின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இதை உன் கட்டுரையில் அழுத்திச் சொல்.

நம் சென்னை மாகாணத்தில் துருக்கிக்கும் முன்பே, 1921-ல், பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் சொத்துத் தகுதி வைத்து அளந்த உரிமையாகையால் வெகு சிலரே வாக்குச்சாவடியை எட்டினார்கள். சட்டசபையில் அமர்ந்து தேவதாசி முறை ஒழிய வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியையும், அம்முறையின் கொடுமையை 1936-ல் நாவலாக்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையும் நீ ஏற்கனவே படித்திருப்பாய், விரிக்கவில்லை.

துருக்கியில் 1926-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் பலதார மணத்தை ஒழித்தது; அது மகத்தான காரியம். அதே சட்டம் மனைவி கணவன் குடும்பப் பெயரையே தாங்க வேண்டும் என்றும் விதித்தது. அந்த விதியை அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாதென்று தீர்க்க 2023 வரை ஆயிற்று. இங்கே சட்டம் கட்டாயப்படுத்தாமலே, கன்னியாயிருந்தபோது தகப்பனார் இனிஷியலும் விவாகத்தின்பின் கணவர் இனிஷியலுமாக எத்தனையோ பேர் மாற்றிக்கொள்கிறோம். என் பள்ளிச் சான்றிதழிலும் ஓய்வூதியப் புத்தகத்திலும் நான் இரண்டு வேறு பெண்களாக இருப்பதை நீயே பார்த்திருக்கிறாய்.

நம் தெருவுக்கு வரும் மீன்காரம்மாவை உனக்கு நினைவிருக்கும். விடியுமுன்னே வானகரம் மார்க்கெட்டில் ஏலம் எடுத்து, எட்டு மணிக்கெல்லாம் கூடையோடு நம் திண்ணையில் இறக்குவாள். அவளுக்கும் எழுதத் தெரியாது. ஞாயிறுதோறும், செதில் ஒட்டிய விரல்களை மடக்கி மடக்கி, “மாடி வீட்டம்மா நூத்திருவது, டெய்லர் வீடு எம்பது, பால்காரர் பாக்கி அம்பது” என்று ஒரு ரூபாய் பிசகாமல் அவள் சொல்ல, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வாள். போன வாரம் அந்த நோட்டு தீர்ந்து புது நோட்டு வந்தது. மகள் வழக்கம்போல் அட்டையில் தகப்பன் பெயரை எழுதியதும், என்ன எழுதினாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள், “கணக்கு என்னுது, பேரு மட்டும் அவருதா?” என்றாள். மகள் அடித்துவிட்டு அம்மா பெயரை எழுதத் தொடங்கி, பேனாவை நிறுத்தி, “இனிஷியல் யாருது போடட்டும், தாத்தாவுதா, அப்பாவுதா?” என்று கேட்டாள். கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தவள் சற்று நின்றாள். “ஒண்ணும் வேணாம். பேரை மட்டும் எழுது” என்றாள்.

கட்டுரையை முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பொங்கலுக்கு வரும்போது என் பெட்டியிலிருக்கும் பழைய ‘ஜகன்மோகினி’ இதழ்களை எடுத்துத் தருகிறேன். காகிதம் நொறுங்கும் நிலையிலிருப்பதால் இங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அன்புடன்,
பாட்டி