12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நல்லதா?

நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் சேலத்து இன்வெர்ட்டர் கடைகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: மீட்டரில் 12.6 வோல்ட் வருகிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, செல்ஃப் எடுக்காததற்குக் காரணம் மோட்டார். ஆனால் சுமையில்லாத பேட்டரியின் வோல்ட், சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கே சாட்சி. தேய்மானத்தைக் காட்டிக்கொடுப்பது, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படித்த அகமின்தடை. லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்டரியின் அகமின்தடை 4 மில்லி ஓம் என்றால் 1.2 வோல்ட் உள்ளேயே செலவாகி, முனையில் 11.4 நிற்கும். அதுவே 12 மில்லி ஓம் ஆகிவிட்டால் 3.6 வோல்ட் போய் 9 வோல்ட்தான் மிஞ்சும். சும்மா இருக்கையில் இரண்டும் 12.6 காட்டியவைதான். தகடுகளில் சல்பேட் இறுகுவதும், ஈயச் சட்டம் அரிக்கப்படுவதும், தண்ணீர் வற்றுவதும் தடையைக் கூட்டுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கோடையில் 40 டிகிரியை எட்டிப்பார்க்கும் சேலத்துக்கு இது பெரிய இழப்பு. ஆசிட் ஊற்றினால் உயிர் வரும் என்பார்கள். ஹைட்ரோமீட்டர் அளவு ஏறும், இறுகிய சல்பேட் அப்படியே இருக்கும், அரிப்பு இன்னும் வேகமெடுக்கும். வற்றியதற்கு ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர்.

அப்படியானால் தடையை அளக்கும் கைக்கருவி '70 சதவீத ஆயுள்' என்று காட்டினால் நம்பலாமே என்று கேட்கலாம். அங்கேதான் இன்னொரு தவறான நம்பிக்கை தொடங்குகிறது. தடை இரட்டிப்பானால் கொள்ளளவு பாதியாகிவிட்டது என்று நேர்க்கணக்குப் போட முடியாது. கொள்ளளவு கணிசமாகக் குறைந்த பிறகும் தடை அதிகம் மாறாத பேட்டரிகள் உண்டு. ஓடி வந்த லாரியின் சூடான பேட்டரியில் தடை குறைவாகத் தெரியும், சார்ஜ் இறங்கியதில் கூடுதலாகத் தெரியும். ஆகவே ஒரு பேட்டரியை அதன் பழைய அளவோடு, அதே சார்ஜில், அதே வெப்பத்தில் ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஏற்றம் தெரிந்தால் சந்தேகப்படலாம், தீர்ப்பு சொல்ல சார்ஜை இறக்கிப் பார்க்க வேண்டும். 20 மணி நேரக் கணக்கில் 150 ஆம்பியர்-மணி என்று விற்ற இன்வெர்ட்டர் பேட்டரி, 7.5 ஆம்பியர் சுமையில் 20 மணி நேரம் தாங்கி 10.5 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். 16 மணி நேரத்திலேயே இறங்கினால் மிச்சம் 80 சதவீதம். ஓரிடத்தில் நிலையாக வைத்திருக்கும் பேட்டரிகளை மாற்றிவிடச் சொல்லும் எல்லை அதுதான். அதற்காக எல்லோரும் நாள் முழுக்கச் சோதிக்க வேண்டியதில்லை. புது பேட்டரி வாங்கும் அன்றே, முழுச் சார்ஜில் தடையை அளக்கச் சொல்லி, வாரண்டி கார்டில் தேதியோடு எழுதி வாங்குங்கள்.