தீர்க்கரேகைப் பரிசும் அதனை ஆண்ட சபையும்

மக்களை வருத்தும் பெருங்குறைகளை நீக்கப் புதியன கண்டுபிடிப்போர்க்கு அரசாங்கம் பொதுப்பணம் அளித்தல் இக்காலத்து வழக்கென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். இங்கிலாந்து தேசத்தார் முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே இதனைச் செய்து பார்த்தனர். அவர்கள் மிக இடர்ப்பட்டது அப்பணத்தை ஆளும் முறையிலே என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நடுக்கடலில் மாலுமி நண்பகற் சூரியனை அளந்து வடக்கு தெற்கு நிலையை அறிவான். கிழக்கு மேற்கு நிலையாகிய தீர்க்கரேகையை அறியத் தக்க வழியில்லை. 1707-ம் வருஷம் போர்க்கப்பல்கள் நான்கு சில்லித் தீவுகளருகே பாறையில் மோதி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1714-ல் பார்லிமெண்டு சட்டமியற்றி, தீர்க்கரேகையை அரைப் பாகைக்குட் காட்டும் முறைக்கு 20,000 பவுன் பரிசும், பரிசீலிக்க ஒரு சபையும் ஏற்படுத்திற்று. முறை இன்னதென்று விதிக்கவில்லை. வானசாஸ்திரியும் வரலாம், தச்சனும் வரலாம். ஆனால் அம்முறை கடலிற் பயன்படுவதாதல் வேண்டும் என்றதன்றி, அதன் பொருளைச் சட்டம் தெளிவாக்கவில்லை. அச்சிறு குறை பின்பு பெரிதாயிற்று.

வந்தவர் தச்சரே. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம் ஆகின்றமையின், துறைமுகத்து நேரத்தை வழுவாது காக்கும் கடிகாரமிருப்பின் தீர்க்கரேகை விளங்கும். ஜான் ஹாரிஸன் 1759-ல் முடித்த நான்காவது கடிகாரம், 1764-ல் பார்படோஸ் தீவுக்குச் சென்ற பிரயாணத்தில் 39 விநாடியே பிழைத்தது. சட்டமோ இரண்டு நிமிஷம் வரை இடங்கொடுத்திருந்தது. ஆயினும் பரிசு கைக்கு வரவில்லை. சந்திரனை நட்சத்திரங்களோடு அளக்கும் முறையை நாட்ட முயன்ற மாஸ்கலின், 1765-ல் அரசவை வானசாஸ்திரியாகி, அப்பதவியால் சபையிலும் அமர்ந்தார். பரீட்சை எழுதும் மாணவர் இருவருள் ஒருவரே விடைத்தாளையும் திருத்தினால் நம் கல்லூரியில் என்ன கூச்சல் எழும்! அவரை வஞ்சகரென்று கூறத் துணியோம். அவர் வெளியிட்ட பஞ்சாங்கம் கப்பலோட்டிகட்குப் பெரிதும் உதவிற்று. அவரை அங்கே அமர்த்திய ஏற்பாடே பிழை.

அவ்வாண்டே புதுச்சட்டம் பிறந்தது. கடிகாரத்தின் மர்மத்தை வெளியிட்டு அதனை ஒப்புவித்தாற் பாதி. பிறரும் அதுபோற் செய்யக்கூடுமென்று விளங்கினாலே மீதி. நடுவழியில் விதியை மாற்றியது அநியாயமே. எனினும் அக்கேள்வி வீணன்று. ஒரு கடிகாரம் ஒரு கப்பலையே காக்கும். லார்கம் கெண்டால் என்பார் 1769-ல் முடித்த பிரதிக்குச் சபை 500 பவுன் கொடுத்தது. அதனையே குக் தளபதி 1772-ல் தென்கடலுக்குக் கொண்டுசென்று மெச்சினார். 1773-ல், எண்பது வயதான ஹாரிஸனுக்கு 8,750 பவுன் அளித்தது பார்லிமெண்டே, சபையன்று. சபை அப்பெரும்பரிசை எவர்க்கும் முழுமையாய் வழங்காமலே 1828-ல் கலைந்தது.

2014-ல் அப்பெயராலேயே இன்னொரு பரிசு, மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் குறித்து, அறிவிக்கப்பட்டது. 2024-ல் ஸ்வீடன் தேசத்துக் கருவியொன்று அதன் 80 லட்சம் பவுனைப் பெற்றது. கருவி மலிவாயும் எவ்விடத்தும் எளிதிற் கையாளத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை, இம்முறை ஆரம்பத்திலேயே எழுதப்பட்டிருந்தது.