நம்பிக்கைகளும் உண்மைகளும்: ‘ஜூனியர்’ நாடகத்தில் பெரியவர்களுக்கு வேடம் கிடையாது

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஓர் ஊர் நாடகக் குழு ‘ஆனி ஜூனியர்’ போடப் போகிறோம், ஆடிஷனுக்கு வாருங்கள் என்று அறிவித்தால் போதும், கூடவே ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. ‘ஜூனியர்’ என்பது நாடகத்தின் நீளத்தைக் குறிக்கும் சொல்லாம். நடிப்பவரின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். கதையில் கோடீஸ்வரர் வருகிறார், அநாதை விடுதியை நடத்தும் அம்மாள் வருகிறார், இவர்களைப் பெரியவர்கள்தானே நடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இருபத்தைந்து வயதுக்காரர்களும் நாற்பது வயதுக்காரர்களும் பாட்டைத் தயார் செய்துகொண்டு வந்து நிற்கிறார்கள். குழு நடத்துகிறவர்களிலும் சிலர் ஒப்பந்தத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எத்தனை முறை மறுத்தாலும் அடுத்த சீசனில் இந்தப் பேச்சு மறுபடி முளைத்துவிடுகிறது.

இதன் வேர் ஒரு பெயர்க் குழப்பத்தில் இருக்கிறது. ‘சூசிக்கல்’ என்ற மியூசிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சூஸின் கதைகளை வைத்து லின் ஆரென்ஸும் ஸ்டீபன் ஃபிளாஹெர்ட்டியும் உருவாக்கியது. 2000-இல் பிராட்வே மேடை ஏறியது. உரிமம் வழங்கும் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் நிறுவனம் இந்த ஒரே நாடகத்தைப் பல வடிவங்களில் தருகிறது. முழு நாடகம் ஒன்று, சுமார் ஒரு மணி நேர ஜூனியர் ஒன்று, அரைமணி நேர ‘கிட்ஸ்’ ஒன்று. இவை போக, சிறுவர்கள் பார்ப்பதற்காகப் பெரிய நடிகர்கள் நடிக்கும் வடிவமும் உண்டு. அதுவும் சுருக்கப்பட்டதுதான், அதையும் ஜனங்கள் குழந்தைகள் நாடகம் என்றே சொல்கிறார்கள். அதில் பெரியவர்களைப் பார்த்தவர், ஜூனியரிலும் அவர்களுக்கு இடமுண்டு என்று முடிவு கட்டிவிடுகிறார். குழந்தைகள் பார்ப்பதற்கு எழுதிய நாடகம் வேறு, குழந்தைகள் நடிப்பதற்கு எழுதிய நாடகம் வேறு. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பத்தை ஒப்பந்தம் தீர்க்கும். ஜூனியரும் கிட்ஸும் பள்ளிச் சிறுவர்களுக்காகவே கத்தரித்துத் தைத்த சட்டைகள். ‘இன்டு த வுட்ஸ்’ நாடகத்தின் ஜூனியர் வடிவம் முதல் அங்கத்தோடு நின்றுவிடுகிறது. சாவும் பிரிவும் நிறைந்த இரண்டாம் அங்கம் அதில் இல்லை. ‘லே மிசரபிள்’, ‘ரென்ட்’ போன்றவற்றுக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று ‘ஸ்கூல் எடிஷன்’ இருக்கிறது. இப்படிச் சுருக்கவும் மாற்றவும் ஆசிரியர்கள் சம்மதித்ததே, இளையவர்கள் நடிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான். வயது வரம்பு நாடகத்துக்கு நாடகம் மாறலாம். அது என்ன என்பது உரிம ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டியது குழுவின் வேலை. விதிவிலக்கு தேவையென்றால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். “போன வருஷம் பக்கத்து ஊரில் செய்தார்களே” என்பது அனுமதி ஆகாது.

சட்டம் கிடக்கட்டும், பெரியவர் பாத்திரத்தைச் சிறுவன் எப்படிச் சுமப்பான் என்று கேட்பவர்களுக்கு வருகிறேன். 1977-இல் பிராட்வேக்கு வந்த முழு ‘ஆனி’யில் சிறுமிகளும் பெரியவர்களும் கலந்துதான் நடிக்கிறார்கள். ஜூனியரில் கோடீஸ்வரர் வார்பக்ஸ் முதல் விடுதி நடத்தும் மிஸ் ஹானிகன் வரை எல்லாமே சிறுவர் வேடங்கள். தோளில் தொங்கும் கோட்டுக்குள் நிற்கும் பதின்மூன்று வயதுப் பையன், தொடைமீது கையை ஊன்றி மெதுவாக நாற்காலியில் அமரக் கற்றுக்கொள்கிறானே, அந்தப் பயிற்சிக்காகத்தான் இந்த வடிவமே இருக்கிறது. அந்த நாற்காலியில் நாற்பது வயதுக்காரர் உட்கார்ந்துவிட்டால் பையனுக்கு என்ன மிஞ்சும்? தமிழ் வாசகர்களுக்கு இதில் சந்தேகமே வரக்கூடாது. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபையில் ராஜாவும் மந்திரியும் கிழவனும் கிழவியும் சிறுவர்கள்தாம். அதைப் போன்ற சிறுவர் நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகள் நம் மேடைக்கும் சினிமாவுக்கும் எத்தனை பேரைத் தந்தன என்பதை நாம் அறிவோம்.

பாய்ஸ் கம்பெனிக்காரர்கள் பயந்த ஒரு விஷயம் மகரக்கட்டு என்னும் குரல் உடைவு. என் பிடிவாதத்துக்கும் அதுதான் காரணம். பையன்களுக்குக் குரல் உடையும் பருவத்தில் குரல்நாண்கள் நீண்டு தடித்து, பேச்சுக்குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. ஜூனியர் வடிவங்களில் பாட்டுகளின் சுருதியை மாற்றியிருப்பது இந்தத் தொண்டைகளை மனதில் வைத்துத்தான். முழுக்க வளர்ந்த குரலுக்கு அந்த எல்லைகள் பொருந்துவதில்லை. அதைவிட மோசமானது பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு நேர்வது. சுற்றிலும் ஓசை கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்பதை எட்டியன் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே விளக்கினார். கோரஸில் பாடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பழகிய பெரிய குரல் ஒன்று நடுவில் நின்றால், இருபது பிள்ளைகள் அதை எட்டிப்பிடிக்கத் தொண்டையை இறுக்குவார்கள். கூட்டத்தில் பெரியவர்கள் நான்கு பேர் நின்றால் பாட்டு “கெட்டியாக” ஒலிக்கும் என்று சொல்கிறவர்கள், அந்தக் கெட்டிக்கு யார் தொண்டை விலை கொடுக்கிறது என்று யோசிப்பதில்லை.

பையன்கள் போதவில்லை, அதனால்தான் ஆண்களைச் சேர்த்தோம் என்பது ஓரளவு நியாயமான முறையீடு. பையன்கள் குறைவாக வருவது உண்மைதான். அதற்குத் தீர்வு பெண்பிள்ளைகள். வசனத்தையும் பாத்திரத்தையும் மாற்றாமல் ஒரு சிறுமி வார்பக்ஸாக நடிக்கலாம். பாத்திரத்தையே பெண்ணாக்கி எழுதுவதுதான் அனுமதியில்லாமல் கூடாது. ஆடிஷன் அன்று வயது சரியாக இருந்தால் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. எந்த நாளை வைத்துக் கணக்கிடுவது என்பதையும் ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும். முழு நாடகத்திலிருந்து விட்டுப்போன பாட்டைச் செருகிக்கொள்ளலாம் என்பது பொய். சின்ன நாடகம் சுலபம் என்பதும் பொய்; முப்பது பிள்ளைகளை ஒரு மணி நேரம் மேடையில் நகர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டிக்கெட் விற்கவில்லை, அதனால் உரிமமே தேவையில்லை என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவில் லாப நோக்கமற்ற இலவச நிகழ்ச்சிகளுக்குச் சலுகை உண்டு. அந்தச் சலுகை நாடகமல்லாத படைப்புகளுக்கு மட்டுமே. மியூசிக்கல் அதில் சேராது. வகுப்பறைக்குள் ஆசிரியரும் மாணவரும் பாடமாக நடிப்பது தனி. மீறல் நிரூபணமானால் ஒரு படைப்புக்கு 30,000 டாலர் வரையும், தெரிந்தே செய்ததென்றால் 1,50,000 டாலர் வரையும் நீதிமன்றம் விதிக்கலாம். தாங்களே வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார்கள்!

மேடை ஆசை பெரியவர்களுக்கு இருக்கக் கூடாதா என்றால், தாராளமாக இருக்கட்டும், இடமும் இருக்கிறது. 1967-இல் வந்த ‘யூ ஆர் எ குட் மேன், சார்லி பிரவுன்’ நாடகத்திலும், 2005-இல் பிராட்வேக்கு வந்த ‘புட்னம் கவுன்டி ஸ்பெல்லிங் பீ’யிலும் சிறுவர்களாக நடிப்பது பெரியவர்களே. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கென்றே இப்போது ‘பிராட்வே சீனியர்’ வடிவங்களும் வந்துவிட்டன. ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ அதில் ஒன்று. இசை தெரிந்த பெரியவர்களிடம் எனக்கு வேறொரு வேண்டுகோளும் உண்டு. ஜூனியர் உரிமத்தோடு பதிவுசெய்த பின்னணி இசை வருகிறது, அதையே ஓடவிட்டுப் பெரும்பாலான குழுக்கள் நாடகத்தை முடித்துவிடுகின்றன. ஒரு பிள்ளை வரியை மறந்து தடுமாறினால் பதிவு காத்திருக்காது, பாட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதே பெட்டியில் பியானோ இசைக்குறிப்பும் வருகிறது. ஆடிஷனுக்கு வரிசையில் நிற்கும் பெரியவர்களில் பியானோ தெரிந்த ஒருவர் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்தில் உட்காரட்டும். பிள்ளை மூச்சு வாங்கும்வரை ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்திருக்க அவரால் முடியும்.