பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய குழந்தை: வீட்டுக்கு வந்த பிறகு?



செம்பாக்கம் பகுதிக் குழுக்களுக்குப் போகும்போது, குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்து வந்த குழந்தைகளைப் பார்க்கிறோம். "எடை ஏறிடுச்சு, நல்லா பால் குடிக்குது, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று வீட்டில் கேட்கிறார்கள். போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்ற கவலையும் இருக்கிறது. ஆனால் உயிரைக் காப்பாற்றியது பாதி வேலைதான். கண், காது, மூளை வளர்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பது மீதிப் பாதி.

கண்: நாள் தவறக் கூடாது

குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுசாக வளர்ந்திருக்காது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போய்விடலாம். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும். அதனால் 34 வாரத்துக்கு முன்னால் அல்லது 2 கிலோவுக்குக் கீழ் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் டாக்டர் பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்னால் அல்லது 1200 கிராமுக்குக் கீழ் பிறந்திருந்தால் 2 முதல் 3 வாரத்துக்குள். தேவைப்பட்டால் லேசர் சிகிச்சை செய்து பார்வையைக் காப்பாற்றலாம். "இனி வர வேண்டாம்" என்று டாக்டர் சொல்லும் வரை போக வேண்டும்.

காது: 1, 3, 6

1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை. குறை தெரிந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். காது கேட்டால்தான் பேச்சு வரும்.

வயசை எப்படிக் கணக்கிடுவது?

2 மாதம் முன்னால் பிறந்த குழந்தைக்கு இன்று 6 மாதம் என்றால், வளர்ச்சிக்கு 4 மாதம் என்றே எடுக்க வேண்டும். 2 வயசு வரை இப்படித்தான். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு.

இந்தக் கணக்கில் பார்த்து, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டியவை:

- 3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை
- 5 மாதமாகியும் தலை நிற்கவில்லை
- 10 மாதமாகியும் தானாக உட்காரவில்லை
- கை கால் விறைப்பாக அல்லது துவண்டு இருக்கிறது
- எப்போதும் ஒரு கையை மட்டுமே அசைக்கிறது

"அவன் அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று மாமியார் சொல்லலாம். அவங்களையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

எங்கே போவது?

முதலில், பெட்டியில் வைத்திருந்த ஆஸ்பத்திரிக்கே டிஸ்சார்ஜ் அட்டையோடு போங்கள். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் சுவஸ்திய காரியகிரம் திட்டத்தில், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்கள் இலவசமாகப் பரிசோதனையும் பயிற்சியும் தருகின்றன. நமக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் உண்டு. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்தில் 2021-ல் குழந்தைகளுக்கான மையம் திறக்கப்பட்டது. வழி தெரியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அல்லது 104-க்கு போன் செய்யுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

1. அடுத்த பரிசோதனைத் தேதியைக் கூட்டத்தில் கேட்டுக் குறித்து வையுங்கள்.
2. பஸ் செலவுக்கு உள்கடன் கொடுங்கள்.
3. துணைக்கு ஒருவர் போங்கள். மூத்த பிள்ளையைப் பக்கத்து உறுப்பினர் பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டத்தில் பேச: நம் குழு வீடுகளில் பெட்டியில் இருந்து வந்த குழந்தை உண்டா? கண் பரிசோதனை முடிந்ததா? அட்டை எங்கே இருக்கிறது?